எஸ்இஓ ஆளைப் பிடிப்பதற்கு முன்

"உங்கள் கடையை கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டு வருகிறேன், கேரண்டி" என்று யாராவது போன் செய்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள், ஏனென்றால் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. எஸ்இஓ, அதாவது தேடல் முடிவுகளில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை என்றால், ஆட்கள் என்ன சொல் போட்டுத் தேடுகிறார்களோ அதற்கான பதில் உங்கள் தளத்தில் தெளிவாக இருக்க வேண்டும், பக்கம் மொபைலில் சட்டென்று திறக்க வேண்டும், கூகுள் அதைப் படிக்கத் தடை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பலன் தெரியப் பொதுவாக 4 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் உங்கள் பெயரிலேயே கணக்கு தொடங்குங்கள், இலவசம்தான். வருகிறவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்து, "எதை முதலில் சரிசெய்வீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். நல்ல ஆள் உங்கள் வாடிக்கையாளர்கள் யார், எதை விற்றால் உங்களுக்கு லாபம் என்று திருப்பிக் கேட்பார். "ஆயிரம் பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) வாங்கித் தருகிறேன்" என்பவர் வேண்டவே வேண்டாம். காசுக்கு வாங்கிய இணைப்புகளால் தளம் பின்னுக்குத் தள்ளப்படலாம், அப்புறம் மீள்வது பெரும்பாடு. டொமைனை (உங்கள் தளத்தின் முகவரிப் பெயரை) மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அவர் பெயரில் பதிய விடாதீர்கள்.