விழித்திரைக்கு லேசர் வைத்த பின் பலனைக் கணிப்பது எப்படி?

சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டு லேசர் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள், இருக்கிற பார்வையைக் காப்பதற்காகவே இது செய்யப்படுகிறது என்பதை முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். கண்புரை அறுவை முடிந்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்துவிட்டு, லேசருக்கும் அதையே எதிர்பார்த்து ஏமாந்து, அடுத்த தவணைக்குப் போகாமல் நின்றுவிடுகிறவர்களை நினைத்தால் மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இரத்த ஓட்டம் குறைந்த விழித்திரை, புதிய இரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அப்படி முளைக்கும் மெல்லிய குழாய்கள் எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது. விழித்திரையின் ஓரப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சூடுகளை லேசரால் வைக்கும்போது அந்தச் சுரப்பு குறைந்து, குழாய்கள் சுருங்குகின்றன. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 1976இல் வெளிவந்தபோது, இரண்டு ஆண்டுகளில் கடும் பார்வையிழப்புக்கு உள்ளானவை சிகிச்சை பெறாத கண்களில் 100க்கு ஏறக்குறைய 16 என்றும், லேசர் பெற்றவற்றில் 6 என்றும் தெரிந்தது. இதற்கு ஒரு விலை உண்டு: பக்கப் பார்வை சற்றுக் குறுகலாம், இருட்டில் கண் பழக முன்பைவிட நேரம் பிடிக்கலாம்.

விழித்திரையின் மையப் பகுதியில் வீக்கம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இருந்தால், ஓரத்தில் வைக்கும் லேசர் அதை அதிகமாக்கக்கூடும் என்பதால், பெரும்பாலும் முதலில் அந்தப் புரதத்தை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுவார்கள். ஊசி மட்டுமே போதுமே என்று கேட்பவர்களும் உண்டு; ஆனால் அதை நடுவில் நிறுத்தினால் குழாய்கள் மீண்டும் வளரலாம். அடிக்கடி வர முடியாதவருக்கு, நீண்ட நாள் பலன் தரும் லேசரே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

சிகிச்சை நாளில் சாப்பாட்டையும் மாத்திரையையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்ட பிறகு வண்டி ஓட்டக் கூடாது. முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி உட்கார்ந்ததும், கண்ணின் மேல் ஒரு லென்ஸை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். பச்சை ஒளி வெட்டி வெட்டி வரும். சில இடங்களில் சுருக்கென்று வலிக்கும். வலி பொறுக்க முடியாவிட்டால் தலையை இழுத்துக்கொள்ளாமல், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அன்று மங்கலாகத் தெரிவது இயல்பு. பலன் தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகும். அதுவரை வீட்டிலேயே, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், அதே வெளிச்சத்தில் அதே தூரத்திலிருந்து சுவரிலுள்ள நாட்காட்டியின் எழுத்துகளை வாரம் ஒரு முறை படித்துப் பாருங்கள். முன்பு படித்த எழுத்தை இப்போதும் படிக்க முடிகிறதென்றால் அது நல்ல செய்திதான். திடீரென்று நூலாம்படையோ புகையோ போல ஏதாவது மிதந்தாலும், மின்னல் போல ஒளி தெரிந்தாலும், திரை இறங்கியதுபோல் இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழாய்கள் சுருங்கும் காலத்திலும் இரத்தக் கசிவு ஏற்படலாம்.

மறுபரிசோதனையில் புதிய குழாய்கள் அடங்கவில்லையெனில் மீண்டும் லேசர் வைப்பார்கள். முதல் முறை வீணாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அப்போது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், சிறுநீரகப் பரிசோதனை ஆகியவற்றின் முடிவுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.