ஹெபடைடிஸ் பி ரேபிட் கார்டு: நெகட்டிவ் என்று எழுதும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவை சிகிச்சைக்கு முன்பும், டயாலிசிஸ் தொடங்கும் முன்பும், பிரசவத்துக்குச் சேர்க்கும்போதும் சில நிமிடங்களில் முடிவு தரும் ரேபிட் கார்டில், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்குப் பரிசோதனை செய்வது மருத்துவமனைகளில் வழக்கம். அந்தக் கார்டு நேரடியாக வைரஸைத் தேடுவதில்லை. வைரஸின் வெளியுறையிலுள்ள மேற்பரப்பு ஆன்டிஜென் என்ற புரதத்தையே தேடுகிறது. அந்தப் புரதம் ரத்தத்தில் போதிய அளவு இருந்தால்தான் பாசிட்டிவைக் காட்டும் கோடு விழும். முடிவைப் படிப்பதில் நேரும் பல தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

அவற்றுள் மிகப் பெரியது, நெகட்டிவ் என்றால் தொற்றே இல்லை என்று முடிவுகட்டுவது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளியான தொகுப்பாய்வில், ரேபிட் பரிசோதனைகள் தொற்றுள்ளவர்களில் சுமார் 90 சதவீதத்தினரைக் கண்டுபிடித்தன, எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்திருந்தவர்களிடம் அது சுமார் 72 சதவீதமாகக் குறைந்தது. எலிசா போன்ற ஆய்வகப் பரிசோதனைகள் மிகக் குறைந்த அளவு ஆன்டிஜெனையும் காட்டிவிடும். கார்டுக்கு அதைவிடப் பல மடங்கு தேவை. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் ஆன்டிஜென் ரத்தத்தில் தென்படாது. புதிதாக வந்த குறுகிய காலத் தொற்றிலிருந்து மீளும்போது, ஆன்டிஜென் மறைந்து, அதற்கெதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி இன்னும் தோன்றாத இடைவெளியும் உண்டு; அப்போது, வைரஸின் உட்பகுதிப் புரதத்துக்கு எதிரான கோர் ஆன்டிபாடியில், தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் ஐ.ஜி.எம். வகை மட்டுமே உண்மையைச் சொல்லக்கூடும். ஆன்டிஜெனின் வடிவம் மாறிய வைரஸ் வகைகளையும் கார்டு தவறவிடலாம்.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகள் விஷயத்தில் நான் மிகுந்த கண்டிப்பை வேண்டுகிறேன். புற்றுநோய்க்குக் கீமோதெரபியோ, எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிடுக்சிமாப் போன்ற மருந்தோ தொடங்கவிருப்பவரை, கார்டு நெகட்டிவ் என்ற ஒரே காரணத்தால் விட்டுவிடக் கூடாது. பழைய தொற்றின் வைரஸ் கல்லீரல் செல்களுக்குள் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் அடங்கியதும் மீண்டும் பெருகிக் கல்லீரல் செயலிழப்பு வரை கொண்டுபோய்விடலாம். எனவே மேற்பரப்பு ஆன்டிஜெனை ஆய்வக முறையில் பார்ப்பதோடு பழைய தொற்றையும் காட்டிக்கொடுக்கும் மொத்தக் கோர் ஆன்டிபாடியையும் பார்க்க வேண்டும். தேவையானால் வைரஸின் டி.என்.ஏ. பரிசோதனையும் செய்ய வேண்டும்.

பாசிட்டிவ் முடிவை உறுதிப்படுத்தாமல் நோயாளியிடம் அறிவிப்பது இதற்கு நேரெதிரான தவறு. தொற்றில்லாதவர்களில் 99.5 சதவீதத்தினருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும் கார்டு ஒன்றை, 100 பேருக்கு ஒருவர் வீதம் தொற்றுள்ள 10,000 பேரிடம் பயன்படுத்துவதாகக் கொள்வோம். தொற்றுள்ள 100 பேரில் 90 பேருக்குப் பாசிட்டிவ் வரும். தொற்றில்லாத 9,900 பேரிலும் ஏறத்தாழ 50 பேருக்குப் பாசிட்டிவ் வந்துவிடும். அதாவது பாசிட்டிவ் என்று கேட்டுக் கலங்கிப்போகும் மூவரில் ஒருவருக்கு உண்மையில் தொற்றே இல்லை. தடுப்பூசி போட்ட பின் 18 நாள் வரை ஆன்டிஜென் பாசிட்டிவாகக் காட்டக்கூடும் என்பதால், அண்மையில் ஊசி போட்டாரா என்றும் கேட்க வேண்டும்.

மேசையில் நடக்கும் பிழைகள் எளிதில் திருத்தக்கூடியவை. மாதிரியைக் கார்டில் ஓடச் செய்யும் திரவம்தான் பஃபர்; ஒரு கிட்டின் பஃபரை இன்னொன்றுக்கு ஊற்றக் கூடாது. உறையைப் பிரித்த கார்டை உடனே பயன்படுத்த வேண்டும். பல கிட்டுகளில் 15 முதல் 20 நிமிடத்துக்குள் முடிவைப் படித்துவிட வேண்டும். முந்திப் படித்தால் மெதுவாக எழும் கோடு தவறிவிடும், பிந்திப் படித்தால் இல்லாத கோடு தெரியலாம். குறித்த நேரத்துக்குள் மங்கலாக விழுந்த கோடும் பாசிட்டிவ்தான். கார்டு வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு தெரிந்துவிட்டதால் ரத்தம் போதுமான அளவு இடப்பட்டிருக்கிறது என்று நம்புவது பலருக்கும் தெரியாத பிழை. பல கார்டுகளில் பஃபர் மட்டும் ஓடினாலே அந்தக் கோடு விழுந்துவிடும். ஆன்டிஜென் அளவுக்கு மீறி இருக்கும் மாதிரியில் கோடு மங்கிப்போவதும், அரிதாக விழாமலே போவதும் உண்டு. கல்லீரல் நொதிகள் எகிறியிருக்க, கார்டு மட்டும் நெகட்டிவ் என்றால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பிரசவ அறையில் மட்டும் உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருப்பதே தவறாகிவிடும். தாயின் கார்டு பாசிட்டிவ் என்றால், ஆய்வக முடிவு வரும் முன்பே, பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும், கிடைக்குமானால் ஆயத்த ஆன்டிபாடி ஊசியான இம்யூனோகுளோபுலினும் போட்டுவிட வேண்டும்.