குத்துச்சண்டை விளையாட்டு இயந்திரம்: பழுது பார்த்தலும் பராமரிப்பும்

நாணயம் போட்டதும் பை கீழே இறங்க வேண்டும். குத்தியதும் மேலே சென்று கொக்கியில் மாட்டிக்கொள்ள வேண்டும். இடையில் அதன் வேகத்தை அளந்து திரையில் மதிப்பெண்ணாகக் காட்ட வேண்டும். வணிக வளாகங்களிலும் பொருட்காட்சிகளிலும் நிற்கும் குத்துச்சண்டை இயந்திரத்தின் வேலை இந்த மூன்றுதான். நாள் முழுவதும் அடி வாங்குவதற்கென்றே செய்யப்பட்ட கருவி என்பதால், அதன் கோளாறுகளில் பெரும்பாலானவை தளர்ந்த போல்ட், தூசி படிந்த சென்சார், அதிர்ந்து அதிர்ந்து கழன்ற கனெக்டர் ஆகியவற்றில்தான் தொடங்குகின்றன. ஆனாலும் பலர் முதலில் சந்தேகிப்பது கட்டுப்பாட்டு போர்டைத்தான். விலை அதிகமான அந்தப் பாகத்தைக் கடைசியாகச் சோதிப்பதே முறை.

மூடியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கி, இயந்திரத்தின் பாகங்களுக்குக் குறைந்த மின்னழுத்தத்தைத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில், மின்சாரம் நின்ற பிறகும் சிறிது நேரம் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும் என்பதால் அந்தப் பெட்டியைப் பிரிக்காமலிருப்பது நல்லது. பை எதிர்பாராமல் கீழே விழுந்தால் தலையில் பலமாக அடிபடும். ஆகவே பை தொங்கும் தண்டைக் கயிற்றால் கட்டிய பிறகே அதன் கீழ் குனிய வேண்டும்.

மதிப்பெண் தவறாக வருகிறது என்பதே அடிக்கடி கேட்கும் புகார். அதைச் சரிசெய்ய, இயந்திரம் எதை அளக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான இயந்திரங்கள் குத்தின் விசையை நேரடியாக அளப்பதில்லை. பை தொங்கும் தண்டின் மேல்முனையில் ஒரு சிறிய தகடு இருக்கும். தண்டு சுழலும்போது அத்தகடு 'ப' வடிவ ஒளி சென்சாரின் இடைவெளி வழியே கடந்து, ஒளியைச் சற்று நேரம் மறைக்கும். தகட்டின் அகலம் 20 மில்லிமீட்டராக இருந்து, ஒளி 4 மில்லிவினாடி மறைந்தால், அந்த இடத்தில் தண்டின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்று போர்டு கணக்கிட்டு, அதை மதிப்பெண்ணாக மாற்றுகிறது. சில வகைகளில் இரண்டு சென்சார்கள் இருக்கும். அவற்றுக்கிடையே தகடு கடக்கும் நேரம் கணக்கில் கொள்ளப்படும்.

இதைப் புரிந்துகொண்டால் அறிகுறிகள் தாமே பேசும். மென்மையாகத் தொட்டாலும் 999 வருகிறதென்றால் சென்சாரின் கனெக்டர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; அதிர்வில் கணநேரம் விட்டுச் சேரும் இணைப்பை, மிக வேகமாகக் கடந்த தகடு என்று போர்டு எண்ணிக்கொள்கிறது. எப்படிக் குத்தினாலும் சுழியமே வந்தால், சென்சார் இறந்திருக்கலாம் அல்லது தகடு வளைந்து இடைவெளிக்குள் நுழையாமல் போயிருக்கலாம். சென்சாரின் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பல கைப்பேசிகளின் கேமராவில் மங்கிய ஊதாப் புள்ளியாகத் தெரியும். மின்சாரம் கொடுத்துச் செய்ய வேண்டிய இந்தச் சோதனையில் கையை உள்ளே விடாமல் கேமராவை மட்டும் காட்டினால் போதும். மதிப்பெண் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால், சென்சாரை விட்டுவிட்டுத் தண்டின் பேரிங்கைப் பாருங்கள். பையைக் கையால் தூக்கி விடும்போது அது தயங்கினாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங்கை மாற்ற வேண்டும். காற்று குறைந்த பையும் குத்தை விழுங்கி வேகத்தைக் குறைக்கும்.

பை இறங்காமல் நின்றுவிடுவது அடுத்த பெரிய தொல்லை. பையைப் பிடித்திருக்கும் கொக்கியை ஒரு சோலனாய்டு காயில் (மின்சாரம் பாய்ந்ததும் காந்தமாகி இழுக்கும் கம்பிச்சுருள்) இழுத்து விடுவிக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, கொக்கியைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது இறுகியிருந்தால் பழைய மசகு காய்ந்து தூசியோடு கெட்டிப்பட்டிருக்கும். அதைத் துடைத்து, மிகக் குறைவாக கிரீஸ் இட வேண்டும். எண்ணெயைத் தாராளமாகத் தெளித்தால் ஒரு மாதத்தில் அதே தூசி திரும்பி வரும். கொக்கி இலகுவாக இருந்தும் பை இறங்கவில்லையெனில், காயிலின் மின்தடையை மல்டிமீட்டரால் அளக்கலாம். அளவே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. சரியான அளவு காட்டினால், காயில் இழுக்கும் அந்த நொடியில் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கையில் 24 வோல்ட் காட்டும் எஸ்எம்பிஎஸ், சுமை ஏறியதும் சரிந்துவிடுவதுண்டு. காசு போட்டவுடன் திரை அணைந்து மீண்டும் எரிவதற்கும் பெரும்பாலும் இந்தச் சரிவே காரணம்.

காயில் கருகிய வாசனை வந்தால், புதிய காயிலை மட்டும் மாட்டி ஓட்டிவிடக் கூடாது. காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் காயிலுக்கு இடைவிடாமல் மின்சாரம் பாய்ந்து, புதியதும் அன்றைக்கே கருகும். காயிலுக்குக் குறுக்கே உள்ள டயோடையும் கூடவே சோதியுங்கள். அது அறுந்திருந்தால் புதிய டிரான்சிஸ்டரும் நிலைக்காது. ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியர் அளவுள்ள ஃப்யூஸையே போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஓட்டும் வழக்கம் தீ விபத்தில் முடியும்.

நாணயம் உள்ளே போய்த் திரும்பி விழுந்தால், நாணயத்தைச் சோதித்து வாங்கும் ஏற்பானின் வழியை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயத்தில் 14 வடிவமைப்புகள் புழக்கத்தில் இருப்பதாக 2018-இல் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. எனவே மாதிரி நாணயங்களைக் காட்டிப் பழக்கப்படுத்தும் வகை ஏற்பானுக்குப் புதியது, தேய்ந்தது, வெவ்வேறு வடிவம் எனக் கலந்து மாதிரி காட்ட வேண்டும். டோக்கன் முறைக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலி பெருமளவு தீரும் என்பது என் எண்ணம்.

வாரம் ஒருமுறை, தண்டைத் தாங்கும் போல்ட்டுகளையும் தரையில் பதித்த போல்ட்டுகளையும் ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள். திரும்பத் திரும்பத் தளர்பவற்றுக்கு, மரையில் பூசினால் போல்ட் தளராமல் பிடிக்கும் மரைப்பசை இடலாம். பை மேலே மோதும் ரப்பர் தாங்கியில் வெடிப்பு கண்டால் உடனே மாற்றுங்கள், ஏனெனில் அது தேய்ந்தபின் ஒவ்வொரு அடியும் சட்டத்துக்கும் சாலிடர் இணைப்புகளுக்கும் நேராகச் செல்கிறது. தோல் உறையின் தையல் பிரிந்திருந்தால் விளையாடுபவரின் விரல் கிழியும். பழுது பார்த்து முடித்ததும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக எனச் சில முறை குத்திப் பாருங்கள். மதிப்பெண்கள் அதே வரிசையில் ஏறினால் இயந்திரத்தை வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிடலாம்.