பிரஸ் செகரட்டரி ஆகணுமா? சம்பளக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி, இதழியல் முதுகலை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பாம்பன் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் போனை நீட்டினாள். “அண்ணே, பிரஸ் செகரட்டரிக்கு வருஷத்துக்கு ஒன்றரைக் கோடிக்கு மேலயாம். அதுக்கு என்ன படிக்கணும்?” திரையில் இருந்தது வெள்ளை மாளிகைப் பத்திரிகைச் செயலாளரின் சம்பளம், அதாவது அமெரிக்க அதிபர் சார்பில் நிருபர்களிடம் பேசுகிறவருடையது. யாரோ டாலரை ரூபாயாக்கி ஒரு போட்டோ மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். விரலால் தள்ளினால் அடுத்த படம், தனியார் கல்லூரி ஒன்றின் விளம்பரம்: ‘பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) தேவை, மாதம் 30,000’.

ஒரே ஏணியின் மேல்படியும் கீழ்ப்படியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் பதினோரு வருஷம் தாலுகா நிருபராகச் சுற்றிவிட்டு, இப்போது ஓர் அறக்கட்டளைக்குச் செய்திக் குறிப்பு எழுதிப் பிழைக்கிறவன். இந்தக் குழப்பத்தில் நானும் விழுந்து எழுந்தவன்தான். பஸ் வரும்வரை அவளிடம் பேசியதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒருவர் சம்பளம் தொழிலின் சம்பளம் ஆகாது

முதலில் அந்த ஒன்றரைக் கோடி. எண் பொய் இல்லை. வெள்ளை மாளிகை ஊழியர்களின் சம்பளப் பட்டியலை வருஷா வருஷம் ஜூலை 1-க்குள் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் கொடுத்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. 2025 பட்டியலில் பத்திரிகைச் செயலாளர் கரோலின் லெவிட்டுக்கு 1,95,200 டாலர். ஆனால் அந்த நாற்காலி நாட்டுக்கே ஒன்று. 1929-ல் ஜார்ஜ் ஏக்கர்சன் உட்கார்ந்ததிலிருந்து இன்றுவரை அதில் உட்கார்ந்தவர்கள் நாற்பது பேருக்குள்தான்.

அப்போ சாதாரணப் பத்திரிகைச் செயலாளருக்கு எவ்வளவு? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை அவர்களைத் தனியாக எண்ணுவதே இல்லை. ‘மக்கள் தொடர்பு வல்லுநர்கள்’ என்ற பெரிய கூடைக்குள் போட்டுவிடுகிறது. அந்தக் கூடைக்கு 2024 மே கணக்கில் இடைநிலைச் சம்பளம் வருஷத்துக்கு 69,780 டாலர். பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. லெவிட் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இந்தியாவிலும் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 2432 என்ற எண்ணுக்குள் மக்கள் தொடர்பாளர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆகவே ‘பிரஸ் செகரட்டரி சம்பளம்’ என்று எங்கே பார்த்தாலும், அது கூடையின் எண்ணா, ஓர் ஆளின் எண்ணா என்று முதலில் கேளுங்கள்.

சராசரி என்று போட்டிருந்தால் இன்னொரு வில்லங்கம். ஒரு நாள் நாலு வள்ளத்துக்குத் தலா 2,000 ரூபாய்க்கு மீன். ஐந்தாவது வள்ளத்தில் பெரிய கூறல் மீன் மாட்டி 92,000-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 20,000. அந்த 20,000-ஐ அன்றைக்குக் கரையில் யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வழக்கமாக என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால் நடுவில் நிற்கிற வள்ளத்தைப் பாருங்கள்.

டாலரை ரூபாயாக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடகையும் வாஷிங்டன் வாடகைதான்.

பி.ஆர்.ஓ. என்ற மூன்றெழுத்து

நம் ஊரில் பெரிய தவறு நடப்பது இந்தச் சொல்லில்தான். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிற செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் ஒரு பி.ஆர்.ஓ. அரசுத் துறை ஆள். ஆட்சியர் ஆய்வுக்குப் போனால் கூடவே போக வேண்டும், ‘செ.வெ.எண்’ (செய்தி வெளியீட்டு எண்) போட்டுச் செய்தி வெளியீடு அனுப்ப வேண்டும், அமைச்சர் வருகிறார் என்றால் நிருபர்களைத் திரட்ட வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டு, எந்த டாக்டர் அறை என்று கைகாட்டுகிறவரும் பி.ஆர்.ஓ.தான். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நோட்டீஸ் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்குகிற கல்லூரி ஆளும் பி.ஆர்.ஓ. சினிமாவில் இந்தப் பெயர் 1950-களிலேயே வந்துவிட்டது. பிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள்.

நாலு பேர் விசிட்டிங் கார்டிலும் ஒரே எழுத்து. முதலாமவருக்கு ஊதியக்குழுச் சம்பளம், இரண்டாமவருக்கு மாதக் கூலி, மூன்றாமவருக்குச் சேர்த்துவிட்ட தலைக்கு இவ்வளவு, நாலாமவருக்குப் படத்துக்கு இவ்வளவு. இந்த நாலையும் கூட்டி நாலால் வகுத்து ‘தமிழ்நாட்டில் பி.ஆர்.ஓ. சம்பளம்’ என்று யாராவது போட்டால், அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பதவிப் பெயரை விடுங்கள். யார் சார்பில் பேச வேண்டும், நிருபர் போன் வந்தால் எடுக்கிற பொறுப்பு இருக்கிறதா, சம்பளம் எந்தக் கணக்கில் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விற்ற விலையும் பங்குப் பணமும்

விசைப்படகு கரைக்கு வந்து மீன் விற்றதும் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழியும். மிச்சத்தில்தான் படகுக்காரர் பங்கு, ஆள் பங்கு. மண்டபம் ஊரில் வளர்ந்த சின்னப் பையன்கூட விற்ற விலையைப் பங்குப் பணம் என்று நினைக்க மாட்டான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதையும் மறக்க மாட்டான். பன்னிரண்டு மாதத்தால் பெருக்கிக்கொண்டு நிற்க மாட்டான். ஆனால் மாதச் சம்பளம் என்றதும் நமக்கு இந்த அறிவெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

நான் ஒரு நிறுவனத்தில் ‘வருஷம் மூன்று லட்சம்’ என்று சொன்னதைக் கேட்டுச் சேர்ந்தேன். மாதம் 25,000 வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். முதல் மாதம் வங்கியில் விழுந்தது 19,400. நிறுவனம் கட்டுகிற பி.எப். பங்கு, கிராஜுவிட்டி, வருஷக் கடைசியில் ‘கொடுக்கலாம்’ என்ற போனஸ் எல்லாம் அந்த மூன்று லட்சத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தன. பி.எப். என் பணம்தான், சரி. போனஸ் கடைசிவரை வரவே இல்லை. ஆர்டரில் ‘செயல்திறன் பொறுத்து’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு.

அரசு வேலையில் தவறு நேர்மாறாக நடக்கும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு “இவ்வளவுதானா?” என்பார்கள். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 1919-ல் தொடங்கியது. அதில் இருப்பவர்கள் இந்தியத் தகவல் பணி அதிகாரிகள். குடிமைப் பணித் தேர்வு வழியாக ‘ஏ’ பிரிவில் நுழைகிறவருக்கு ஏழாவது ஊதியக்குழுப்படி 10-ஆம் நிலை, அடிப்படை 56,100. அகவிலைப்படியைக் கணக்கு வசதிக்காக, 2024 ஜனவரியில் இருந்ததுபோல, 50 சதவீதம் என்று வைத்தால் 28,050. வீட்டு வாடகைப்படி சென்னையில் 30 சதவீதம், அதாவது 16,830. நம் மாவட்டம் போன்ற ஊரில் 10 சதவீதம், 5,610. போக்குவரத்துப்படி அகவிலைப்படியோடு சேர்த்துச் சென்னையில் 10,800, இங்கே 5,400. ஆக சென்னையில் 1,11,780, இங்கே 95,160. ஒரே பதவி, ஒரே தேர்வு, ஊர் மாறினால் 16,620 ரூபாய் வித்தியாசம். இதிலிருந்து ஓய்வூதியப் பிடித்தம் 8,415 போகும். அப்புறம் வருமான வரி, மருத்துவப் பிடித்தம். சென்னையில் கூடுதலாக வருகிற காசில் எவ்வளவு வீட்டுக்காரர் கைக்குப் போகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வயது, ஆண், பெண்

‘பிரஸ் செகரட்டரிகளில் பெண்கள் இத்தனை சதவீதம், சராசரி வயது இவ்வளவு’ என்று போடுகிற இடங்களில் சில, யாரையும் நேரில் கேட்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் பயோடேட்டாக்களை அள்ளி, பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கின்றன. நம் கரையில் அது எப்படி நடக்கும்? கீழக்கரையில் ‘கனி’ என்றால் அப்துல் கனி காக்காவாக, அதாவது அண்ணனாக, இருக்கலாம், பக்கத்து ஊரில் கனிமொழியாக இருக்கலாம். முத்துமணி ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அப்பா பெயரை இனிஷியலாகப் போடாமல் பின்னால் முழுசாகப் போட்டால் இன்னும் கோளாறு.

வயதும் அப்படித்தான். லெவிட் பதவிக்கு வந்தபோது வயது 27. வெள்ளை மாளிகை வரலாற்றிலேயே அவர்தான் இளையவர். இளையவர் என்பதால்தான் அது செய்தியே ஆனது. அதை வழக்கமாக நினைத்து, “எனக்கு 26 ஆயிடுச்சே” என்று யாரும் பதற வேண்டாம்.

தலை எண்ணிக்கையைச் சம்பளத்தோடு குழப்புவது இன்னும் மோசம். அமெரிக்காவில் மக்கள் தொடர்பு வேலையில் பாதிக்கு மேல் பெண்கள்தான். அப்படியானால் சம்பளமும் சமம் என்று அர்த்தமா? டீ டீ மயர்ஸ் 1993-ல் வெள்ளை மாளிகையின் முதல் பெண் பத்திரிகைச் செயலாளர் ஆனார். பதவிப் பெயர் அதே பெயர். ஆனால் முந்தையவர்களுக்கு இருந்ததைவிடக் கீழான பதவித் தரம், சின்ன அறை. தன்னைவிடக் குறைந்த பொறுப்பில் இருந்த ஓர் ஆண் தன்னைவிட அதிகம் வாங்கினார் என்பதை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். எத்தனை பெண்கள் என்பது ஒரு கேள்வி, அவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது வேறு கேள்வி. இன்டர்வியூவுக்குப் போகிற பெண்கள் இரண்டாவதைத்தான் விசாரிக்க வேண்டும்: முன்பு இதே இடத்தில் இருந்தவருக்கு என்ன தரம், என்ன சம்பளம்?

யாருடைய ஆள்?

ராமேஸ்வரத்துக்காரர் குடியரசுத் தலைவர் ஆனபோது அவருக்குப் பத்திரிகைச் செயலாளராக இருந்தவர் எஸ்.எம். கான். அவர் இந்தியத் தகவல் பணி அதிகாரி. அதற்கு முன்பு சி.பி.ஐ.யின் செய்தித் தொடர்பாளராகப் பல வருஷம் இருந்தவர். 2007-ல் கலாம் மாளிகையை விட்டுப் போனாலும் கானுக்குப் பணி இருந்தது. அமைச்சரோ கட்சித் தலைவரோ தன் விருப்பத்தில் வைத்துக்கொள்கிற ஆளுக்கு அப்படி இல்லை. அவர் பதவி இருக்கிறவரைதான் இவர் பதவி. இந்த இரண்டு சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள், ஒன்றுக்கு ஆயுள் எவ்வளவு என்று கேட்பதே இல்லை.

எண்ணப்படாத மணி

இந்த வேலையின் சம்பளத்தை மணியால் வகுத்துப் பார்த்தவர்கள் குறைவு. விடிகாலை மூன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுந்தீவுப் பக்கம் நம் படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டதாகப் போன். சங்கத்துக்காரர் 17 பேர் என்கிறார். கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுத்த டோக்கன்படி 16. யாழ்ப்பாணத்துச் செய்தியில் 18. டி.வி. நிருபர்கள் அஞ்சு பேர் அஞ்சு எண்ணைக் கேட்டுக்கொண்டு லைனில் நிற்கிறார்கள். டோக்கனில் பெயர் இல்லாமல் கடைசி நேரத்தில் ஏறியவன் ஒருத்தன், ஏறுவதாகச் சொல்லிவிட்டுக் காய்ச்சலில் படுத்தவன் இன்னொருத்தன் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். எண்ணில் ஒன்று கூடினால், காய்ச்சலில் படுத்தவனின் அம்மா பாலத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார். கடைசியில் வெளியே போவது நாலு வரிச் செய்தி. அந்த நாலு வரிக்கு ஓவர்டைம் கிடையாது.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிற நாளில் இன்னும் மோசம். சம்பளம் பேசும்போது வேலை நேரம் பத்து டு ஆறு என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ராத்திரி போனை யார் எடுப்பது, மறுநாள் விடுப்பு உண்டா என்று கேளுங்கள்.

கையில் காகிதம் இல்லாத அனுபவம்

கடைசியாக நிருபர் வேலையிலிருந்து இதற்கு வருகிறவர்களுக்கு ஒன்று. பகுதி நேர நிருபர்களில் பலருக்கு நியமனக் கடிதமே கிடையாது. செய்திக்கு இவ்வளவு, பிடித்துக் கொடுக்கிற விளம்பரத்தில் கமிஷன் என்று ஓடும். என் பதினோரு வருஷத்தில் முதல் ஏழு வருஷத்துக்கு நான் வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நாலு வருஷ அனுபவத்துக்குத்தான் சம்பளம் போட்டார்கள். பெயரோடு வந்த செய்திகள், செய்தித் துறை கொடுத்த பாஸ், பணம் வந்த வங்கிக் கணக்கு வரிகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேர்தல் வாக்கு எண்ணிக்கைக்குக் கொடுத்த நுழைவுச் சீட்டைக்கூட எடுத்து வையுங்கள்.

பஸ் ஏறும் முன்பு அந்தக் கல்லூரி விளம்பர எண்ணுக்கு அவளையே போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டாள். நிருபர்கள் கேட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். “நிருபரா? அதெல்லாம் இல்லம்மா” என்றார் எதிர்முனை. 30,000 எப்படி வருகிறது என்று கேட்டாள். மாதம் 14,000, மீதி அட்மிஷனைப் பொறுத்து. “ஒரு அட்மிஷனுக்கு எவ்வளவு சார்?” என்று கேட்டுவிட்டு, பதிலை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.