தனுஷ்கோடி போறீங்களா? அரிச்சல்முனைக்கு முன்னாடியே இறங்கிடுங்க

ராமேஸ்வரம் போறவங்கள்ல நெறைய பேரு தனுஷ்கோடியும் பாத்தாச்சுன்னு சொல்வாங்க, என்ன பாத்தீங்கன்னு கேட்டா ரோடு முடியுற கடல் முனையான அரிச்சல்முனைல போட்டோ எடுத்துட்டு திரும்பியிருப்பாங்க, ஊர் இருந்த இடத்துல வண்டிய நிறுத்தவே இல்ல. அழிஞ்ச ஊரப் பாக்கப் போறதுக்கு முன்னாடி அது நல்லா இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும், இல்லன்னா கண்ணுக்கு நாலு சுவருதான் தெரியும்.

அதனால வீட்லயே ஒரு சாயங்காலம் உக்காந்து படிங்க. 1914ல பாம்பன் பாலம் தொறந்ததுக்கு அப்புறம் எழும்பூர்ல ஏறினா போட் மெயில்ங்கற ரயில்ல நேரா தனுஷ்கோடி வரலாம், அங்க இறங்கி ஸ்டீமர் புடிச்சா தலைமன்னார், அங்கேர்ந்து மறுபடி ரயில்ல கொழும்பு, எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட். அப்ப அது துறைமுக ஊரு, ஸ்டேஷன், தபால் ஆபீஸ், ஸ்கூல், சர்ச் எல்லாம் இருந்துச்சு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல கடல் உள்ள வந்து, பாம்பன்லேர்ந்து வந்துட்டு இருந்த பாசஞ்சர் ரயில நூத்துக்கும் மேல ஆளுங்களோட இழுத்துட்டுப் போயிடுச்சு. பாம்பன் பாலத்த 46 நாள்ல சரி பண்ணிட்டாங்க, ஆனா தனுஷ்கோடி லைன திரும்பப் போடவே இல்ல, மனுஷங்க குடியிருக்க லாயக்கில்லன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. சென்னைல இருக்கவங்க கன்னிமாராவுக்கோ ரோஜா முத்தையா நூலகத்துக்கோ போய் அந்த டிசம்பர் மாச பேப்பர் இருக்கான்னு கேட்டுப் பாருங்க, போறதுக்கு முன்னாடி அதப் படிச்சா அங்க நடக்குறப்ப ஒவ்வொண்ணும் வேற மாதிரி தெரியும்.

காலைல சீக்கிரம் கிளம்புங்க, பதினொரு மணிக்கு மேல மணல்ல நிக்க முடியாது, நிழலே கிடையாது. டவுன் பஸ்ஸும் இருக்கு, ஆட்டோவும் இருக்கு. ஆட்டோன்னா ஏறுறப்பவே பழைய ஊர்ல ஒரு மணி நேரம் நிக்கணும்னு பேசிக்கோங்க. வழில கோதண்டராமர் கோயில், அந்தப் புயல்லயும் தாங்கி நின்னது, அங்கயும் எட்டிப் பாத்துடலாம். 2017ல முனை வரைக்கும் ரோடு போட்டாங்க, அதுக்கு முன்னாடி மணல்லயும் தண்ணிலயும் வேன்லதான் போகணும்.

சர்ச்சுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, எனக்கு அங்க ரொம்பப் புடிச்ச இடம் அதுதான். கூரை இல்ல, சுவர் மட்டும். காரை உதிர்ந்த இடமா பாத்து பக்கத்துல போய் நில்லுங்க, கல்லு முழுக்க பொடிப் பொடியா பூப் பூவா ஓட்டை தெரியும், அது பவளப்பாறை, கடல்லேர்ந்து எடுத்துக் கட்டுனது. தொட்டு சுரண்டாதீங்க, பேரு எழுதாதீங்க, ஏற்கனவே உதிர்ந்துட்டு இருக்கு. கீழ கிடக்குற பவளத் துண்டையும் பையில போட வேணாம், சட்டப்படி தப்பு. அங்கேர்ந்து ஸ்டேஷன் மிச்சமும் தண்ணித் தொட்டியும் பாருங்க, ரயில் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கும்னு நின்னு யோசிச்சா மொத்த ஊரும் புரிய ஆரம்பிக்கும்.

ஒண்ணு முக்கியம், அது ஆளில்லா ஊரு இல்ல. மீனவக் குடும்பங்க இன்னும் குடிசை போட்டு இருக்காங்க, மணலத் தோண்டி ஊத்துத் தண்ணி எடுக்குறாங்க. கேக்காம அவங்க வீட்ட, புள்ளைங்கள போட்டோ எடுக்காதீங்க. கடைல வறுத்த மீன் வாங்கி சாப்ட்டுட்டு வயசானவங்க யாராவது இருந்தா அண்ணாச்சி, அம்மான்னு மரியாதையா பேச்சு குடுங்க, புயலப் பத்தி எடுத்ததும் கேக்காதீங்க, கடலப் பத்தி கேளுங்க. ஒரு பக்கம் அலை ஜாஸ்தியா இருக்க ஆண்கடல், இன்னொரு பக்கம் அமைதியான பெண்கடல்னு அவங்களே காட்டுவாங்க.

அதுக்கப்புறம் முனைக்குப் போங்க, ஆனா தண்ணில மட்டும் இறங்க வேணாம், இழுப்பு ஜாஸ்தி. இருட்டுறதுக்குள்ள போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவாங்க, சாயங்காலம் போய் ரெண்டு இடத்தையும் பாத்துடலாம்னு பிளான் போடாதீங்க.