வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தென்னாப்பிரிக்கா

தென்னாப்பிரிக்காவில் வீட்டிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ பார்த்துக்கொள்கிறவருக்கு என்று தனி உதவித்தொகை கிடையாது. கிடைப்பதெல்லாம் பராமரிப்பு தேவைப்படுகிறவர் பேரில்தான். டர்பனில் தமிழர்கள் அதிகமுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் குடும்பங்களில் நடக்கும் குளறுபடிகளில் பாதி இது தெரியாததால் வருபவை. மகள் தன் அடையாள அட்டையோடு, அரசு உதவித்தொகைகளைத் தரும் சாசா அலுவலகத்துக்குப் போவாள். "உங்கள் பேரில் ஒன்றும் இல்லை" என்பார்கள். அதோடு விட்டுவிடுவாள்.

அங்கே கேட்க வேண்டியது கிராண்ட்-இன்-எய்ட். முதியோர் பென்ஷனோ ஊனமுற்றோர் உதவித்தொகையோ ஏற்கெனவே வாங்குகிறவருக்கு எந்நேரமும் கூட ஒரு ஆள் வேண்டும் என்றால், அதற்கு மேல் சேர்த்துத் தருவது இது. 2025 ஏப்ரலில் மாதம் 560 ரேண்ட். பெரியவர்களுக்கான டயப்பருக்கே சரியாகப் போய்விடும். ஆனாலும் உரிமையுள்ள பணத்தை ஏன் விட வேண்டும்?

விண்ணப்பம் பெரும்பாலும் சறுக்குவது டாக்டர் அறிக்கையில். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று நோய்களை அடுக்கினால் போதாது. இன்னொருவர் இல்லாமல் குளிக்க முடியுமா, கழிப்பறைக்குப் போக முடியுமா, மாத்திரையை வேளைக்கு எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. நம் பாட்டிமார்களோ டாக்டரிடம் போகிற அன்று நல்ல புடவை கட்டி, பொட்டு வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். முந்தின வாரம் பாட்டி இரவில் எத்தனை முறை எழுப்பினார், எங்கே விழுந்தார் என்று கூடப் போகிறவர் குறித்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகவும் இருக்கக் கூடாது.

படுக்கையில் கிடப்பவரை அலுவலகத்துக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை. அவருடைய கடிதமும் டாக்டர் சீட்டும் இருந்தால் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். சாசாவில் விண்ணப்பிக்கப் பணம் கிடையாது, எனவே "நான் முடித்துத் தருகிறேன்" என்று கை நீட்டுகிறவருக்கு ஒரு சென்ட் கூடத் தராதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். வட்டிக்கடைக்காரரிடம் பென்ஷன் அட்டையையும் பின் எண்ணையும் அடகாக விடுவது இன்னொரு வழக்கம். கடன் கொடுப்பவர் அவற்றை வைத்துக்கொள்வதே சட்டவிரோதம்.

கடுமையான ஊனமுள்ள குழந்தை என்றால் வாங்க வேண்டியது கேர் டிபென்டன்சி கிராண்ட். 18 வயதோடு அது நின்றுவிடும். தானாகப் பெரியவர்களுக்கான தொகையாக மாறாது. ஊனமுற்றோர் உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

பணத்தை விடப் பெரிய தலைவலி பவர் ஆஃப் அட்டர்னி. அப்பா நினைவோடு இருந்தபோது மகனுக்கு எழுதிக் கொடுத்திருப்பார். பிறகு மறதிநோய் முற்றிவிடும். மகன் அதே தாளை வைத்து வங்கிக் கணக்கைக் கையாள்வான், வீட்டை விற்கவும் பார்ப்பான். ஆனால் இந்நாட்டுச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் தானே முடிவெடுக்கும் திறனை இழந்ததுமே அந்த அதிகாரம் செத்துவிடும். சில நாடுகளில் அதற்குப் பிறகும் செல்லும் பத்திரங்கள் உண்டு, இங்கே கிடையாது. வெளிநாட்டிலிருக்கும் தம்பி இணையத்தில் பார்த்து அனுப்பும் படிவத்தை நம்பாதீர்கள். அவர் சொத்தைக் கவனிக்கும் க்யூரேட்டர் என்ற பொறுப்பாளரை நியமிக்க உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம், செலவு கையைக் கடிக்கும். சொத்து அதிகமில்லை என்றால், 2002ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்ற மாஸ்டர் என்ற அதிகாரியின் அலுவலகத்தில் நிர்வாகி ஒருவரை நியமிக்கச் சொல்லி விண்ணப்பிப்பது மலிவு. சொத்துத் தகராறு வரும்போது "நான்தானே இத்தனை வருஷம் பார்த்தேன்" என்ற வாதம் எடுபடாது. மருந்துச் சீட்டு, கடை ரசீது, எதற்காக எவ்வளவு எடுத்தேன் என்ற ஒரு நோட்டு, இவைதான் கைகொடுக்கும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் அரசின் சட்ட உதவி தரும் லீகல் எய்ட் அலுவலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு, குடும்பப் பொறுப்பு விடுப்பு எல்லாவற்றுக்கும் உண்டு என்று நினைப்பது. சட்டம் தருவது ஆண்டுக்கு 3 நாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாலோ நெருங்கிய உறவு இறந்தாலோதான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடப்பது அதில் சேராது! எனக்கு இது அபத்தமாகத்தான் படுகிறது. உங்கள் வேலை ஒப்பந்தம் கூடுதலாகத் தருகிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் வருடாந்தர விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் குடும்பப் பொறுப்பைக் காட்டிப் பதவி உயர்வை மறுத்தால் அது பாகுபாடு. வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தில் குடும்பப் பொறுப்பு என்பதில் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும் அடங்கும். பாகுபாட்டுக்கு 6 மாதத்துக்குள், வேலை நீக்கத்துக்கு 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏவுக்குப் போக வேண்டும். பலர் இந்த நாட்களைக் கோட்டைவிட்டுவிட்டுத்தான் விசாரிக்கவே ஆரம்பிக்கிறார்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். பாட்டியைப் பார்க்க ஆளில்லை என்று ஒன்பதாம் வகுப்பு முடிக்காத, பதினைந்து வயது நிறையாத பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் சிக்கல் பெற்றோருக்குத்தான். சமூகப் பணியாளரிடம் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் பல வீடுகள் வாயே திறப்பதில்லை. பெற்றோர் இறந்தோ, பிழைக்க வழியில்லாத நோயில் கிடந்தோ, 16 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டால், 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 137ஆம் பிரிவு அதைக் குடும்பமாகவே அங்கீகரிக்க வழி வைத்திருக்கிறது. மேற்பார்வைக்குப் பெரியவர் ஒருவரை நியமிப்பார்கள். உதவித்தொகையை அந்தப் பிள்ளையே வாங்கலாம், அல்லது அந்தப் பெரியவர் வாங்கலாம். வீட்டு விஷயத்தில் பிள்ளையைக் கேட்காமல் அந்தப் பெரியவர் முடிவெடுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.