முதல் நாள் கணினியைத் திறக்காதீர்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தரப் போகிறீர்களா? முதல் நாள் கணினி அறை பூட்டியே இருக்கட்டும். திரையைக் கண்டுவிட்டால் நீங்கள் சொல்வது எதுவும் அவர்கள் காதில் ஏறாது. நான் எப்போதும் சாக்பீஸிலிருந்துதான் தொடங்குவேன்.

தரையில் ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள். சில கட்டங்களில் தாள் வைத்து அவற்றைத் தடை என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாணவர் ரோபோ. அவரை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கொண்டுபோகும் கட்டளைகளை மற்றவர்கள் குழுவாக உட்கார்ந்து எழுத வேண்டும். கட்டளைகள் மூன்றே மூன்று: முன்னே, இடது, வலது. எழுதி முடித்ததும் ஒருவர் வாசிக்க, ரோபோ அதை அப்படியே செய்வார். நடுவில் திருத்தக் கூடாது.

முதல் ஆட்டத்திலேயே சண்டை வரும். 'வலது' என்றால் நின்ற இடத்திலேயே திரும்புவதா, வலப்பக்கக் கட்டத்துக்கு நகர்வதா? எழுதியவர் ஒன்று நினைத்திருப்பார், ரோபோ வேறொன்றைச் செய்வார். தீர்ப்பு சொல்ல ஓடாதீர்கள். அவர்களே பேசி முடிவுக்கு வரட்டும்; வந்த முடிவைப் பலகையில் எழுதிவையுங்கள். அப்புறம், கெட்டிக்கார ரோபோக்கள் தடையைப் பார்த்ததும் தாமாகவே ஒதுங்கிப் போவார்கள். அவர்கள் கண்ணைக் கட்டிவிடுங்கள். தடைக்குப் பை, நாற்காலி வைக்காமல் தாள் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

'முன்னே முன்னே முன்னே முன்னே' என்று எழுதி அலுத்துப்போய் யாராவது ஒருவர் 'முன்னே 4' என்று எழுதுவார். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் இதற்குப் பெயர் 'லூப்'; அதுவரை அந்தச் சொல்லை வாயில் எடுக்காதீர்கள். தேவை வந்தபின் பெயர் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் எண் விளையாட்டு. 1 முதல் 100 வரை ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊகத்துக்கும் 'பெரியது', 'சிறியது' என்று மட்டும் பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மிஞ்சியதைச் சரிபாதியாக வெட்டினால் ஏழு ஊகத்துக்குள் பிடித்துவிடலாம். 1000 வரை போனாலும் பத்தே ஊகம்தான் என்பதை அவர்களாகக் கண்டுபிடிக்க விடுங்கள்.

சரி, இனி கணினி. அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழக மீடியா ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் என்ற நிரலாக்க மொழி போதும். இலவசம், உலாவியிலேயே ஓடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் பிளாக்குகளாக இழுத்துப் பொருத்தலாம் என்பதால் எழுத்துப்பிழைத் தொல்லை இல்லை. எட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் ஸ்க்ராட்ச்ஜூனியர் பக்கம் போங்கள்.

ஸ்க்ராட்ச் திரையில் வரும் பூனையை நடக்கவிட்டு விளையாடியதும் நேராக ஒரு விளையாட்டு செய்யச் சொல்லுங்கள்: மேலிருந்து பந்து விழும், கீழே இருக்கும் கூடை பிடிக்க வேண்டும். உருவங்கள் நகரும் திரைப்பகுதியான மேடையில் இட வலமான எக்ஸ் மதிப்பு -240 முதல் 240 வரை, மேல் கீழான ஒய் -180 முதல் 180 வரை. எதிர்ம எண் இன்னும் படிக்காத பிள்ளைகளிடம் விளக்கவுரை வேண்டாம். பூனையை இழுத்துக்கொண்டே எண் மாறுவதைப் பார்த்தால் போதும்.

இந்த விளையாட்டில் இரண்டு கோளாறுகள் வரும், வர வேண்டும். முதலாவது, 'கூடையில் பட்டால் ஒரு புள்ளி' என்று எழுதியும் புள்ளியே ஏறாது. நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்திய கணத்தில் நிரல் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டிருக்கும். அதை, நிற்காமல் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபாரெவர் பிளாக்குக்குள் போட்டதும் இரண்டாவது தலைகாட்டும்: பந்து பட்டது ஒரு முறை, புள்ளி சரசரவென்று ஏறும். பந்து தொட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் லூப் எண்ணிக்கொண்டே இருக்கிறது. புள்ளி கொடுத்த கையோடு பந்தை மேலே அனுப்பினால் சரியாகிவிடும். இதை நீங்கள் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். "பந்து இப்போது எங்கே இருக்கிறது? நிரல் எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மவுஸைத் தொடவே தொடாதீர்கள்.

ஒரு கணினிக்கு இரண்டு பேர் இருப்பது என்னைப் பொறுத்தவரை வசதிதான். ஒருவர் கை, இன்னொருவர் வாய். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒருவர் கடைசிவரை வேடிக்கைதான் பார்ப்பார்.

பிளாக்குகள் போரடிக்கிறது என்று யாராவது சொன்னால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பைத்தான் மொழிக்குத் தாவலாம். அதனுடனேயே வரும், கட்டளைப்படி ஓர் ஆமை நகர்ந்து கோடு போடும் டர்ட்டில், 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் சகாக்களும் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியின் வாரிசு. சதுரம் எல்லோரும் போட்டுவிடுவார்கள்: 100 முன்னே, 90 வலது, நான்கு முறை. அடுத்து முக்கோணம் கேளுங்கள். புத்தகத்தில் படித்த 60 பாகையைப் போடுவார்கள். கோடுகள் சேராமல் பாதி அறுகோணம் வரும். ஆமை திரும்புவது வெளிக்கோணம், அதனால் 120. அதைக் கண்டுபிடித்தவர்கள் 360ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்து எந்தப் பலகோணத்தையும் போட்டுத் தள்ளுவார்கள். அடுத்து ஐந்துமுனை நட்சத்திரம் கேட்பார்கள். அங்கே 72 போட்டால் ஐங்கோணம்தான் வரும். நட்சத்திரம் முடிவதற்குள் ஆமை மொத்தம் இரண்டு சுற்று சுற்றுகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.